ஆவாரஞ்செவலுக்குத் திரும்பி வந்த செருப்புகள்

மழை ஏமாற்றி, கண்மாய் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்த ஒரு வருஷத்தில், ஆவாரஞ்செவல் என்னும் கரிசல் கிராமத்திலிருந்து பிஸ்கட் கம்பெனி வேலைக்குப் போன பெண்பிள்ளைகளின் செருப்புகள், பிள்ளைகள் இல்லாமல், தாங்களாகவே ஊருக்கு நடந்து வரத் தொடங்கின. நல்ல சேதி எந்த ரூபத்தில் வந்தாலும் வாரி எடுத்துக்கொள்ளக் காத்திருந்த ஊர் அது என்பதால், அவற்றைக் கண்டு ஒருவரும் அலறவில்லை, ஒருவரும் கதவைச் சாத்தவில்லை.

முதலில் வந்தது ராக்கம்மாளின் மகள் மாரிக்கொழுந்தின் ஜோடி. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. இடது வார் அறுந்து, அதில் ஊக்கு குத்தியிருந்தது. பெண்கள் குழாயடியில் குடங்களை வரிசை போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்த காலை நேரத்தில், அது கிழக்கு வண்டிப்பாதையிலிருந்து ஏறி, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் புழுதியில் தடம் பதித்து, எதிரே வந்த ஆட்டு மந்தைக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டு, குடங்களுக்கிடையே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து (கால் இல்லையென்றாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்) ராக்கம்மாளின் வாசலில் போய் நின்றது. ஒரு நாய் மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது.

"ஏ மதினி, இது ஒங்க மக செருப்புல்லா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு வெள்ளத்தாய்.

"அவ செருப்புதான். அந்த ஊக்கு நான் குத்திவிட்டது," என்றாள் ராக்கம்மாள். "பிள்ளை புதுசு வாங்கியிருப்பா. பழசை அங்க எதுக்கு வச்சிக்கிடணும்னு அனுப்பிவிட்டுருக்கா."

"பஸ்ஸுல போட்டு அனுப்பக் கூடாதாக்கும்?"

"கண்டக்டர் டிக்கெட் கேப்பான்லா!"

குழாயடி முழுவதும் சிரித்தது. ஆனால் மறுநாள் விடியலில் அந்தச் செருப்பு வாசலில் இல்லை. ஊரின் கிழக்கு எல்லையில், வண்டிப்பாதை தொடங்கும் இடத்தில், வந்த திசையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. எடுத்து வந்து வாசலில் வைத்தார்கள். மறுபடியும் போய் எல்லையில் நின்றது. அதன் பிறகே விஷயம் பூசாரி மாடக்கண்ணுவிடம் போயிற்று.

அந்த ஊரின் காவல் தெய்வம் ஒற்றைப்பனைக் கருப்பசாமி. ஊர் அடங்கிய பின் எல்லை முழுவதும் அவர் நடந்தே சுற்றிக் காவல் காக்கிறார் என்பதும், அதற்காகக் கோயில் கொடைத் திருவிழாவன்று ஆணி அடித்த முழ நீளத் தோல் செருப்பைக் காணிக்கை வைக்க வேண்டும் என்பதும், அடுத்த கொடைக்குள் அதன் அடி தேய்ந்துவிடும் என்பதும் ஆவாரஞ்செவலில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சாமி மிதித்த செருப்பை மனிதர் கையால் புரட்டிப் பார்ப்பது அங்கே பெரும் பாவம். ஆகையால் மாடக்கண்ணு நீலச் செருப்பின் முன்னே கற்பூரம் கொளுத்தி, வெகுநேரம் கண்ணை மூடியிருந்து, பிறகு சொன்னார்:

"நம்ம பிள்ளைகளுக்குத் தொணையா சாமி அங்கயும் போயிருக்கார். அந்தப் பிள்ளை செருப்பைக் கேட்டு வாங்கி மாட்டிக்கிட்டு, ஊரையும் பாக்க வந்துருக்கார். இங்க இருந்தா அங்க நெனப்பு, அங்க இருந்தா இங்க நெனப்பு. அதான் நிலைகொள்ள மாட்டேங்குது. கயித்தைப் போட்டுப் பனையில கட்டுங்க."

தென்னங்கயிற்றால் கட்டினார்கள். ஊருக்கு நிம்மதி வந்தது.

அதன் பின்பு செருப்புகள் ஒவ்வொன்றாக வரலாயின. சிவப்பு வார் வந்தது, பூப்போட்டது வந்தது, குதிகால் தேய்ந்து பிறைபோல் ஆனது வந்தது. வந்த ஒவ்வொன்றையும் மேளம் கொட்டி எதிர்கொண்டு, தொட்டுக் கும்பிட்டு, துணியில் ஏந்திப் போய்ப் பனையில் கட்டினார்கள். செருப்பு வந்த வீட்டாருக்குக் கோயிலில் முதல் திருநீறு என்று ஏற்பாடாயிற்று. எந்த வீட்டுச் செருப்பு மேலே, எந்த வீட்டுச் செருப்பு கீழே என்று இரண்டு வெள்ளிக்கிழமைகள் சண்டை நடந்தது. நகரப் பேருந்தின் நடத்துநர் "செருப்புச் சாமி கோயிலெல்லாம் இறங்கு" என்று கூவக் கற்றுக்கொண்டார். வெளியூர்ச் சனம் தகரத்தில் குட்டிச் செருப்பு செய்து கொண்டுவந்து மாட்டியது. காற்று அடிக்கும்போது அந்தச் செருப்புகளிலிருந்து ஒரு கவுச்சி வாடை எழுந்து ஊரைச் சுற்றியது. கிடாய்வெட்டுக் கேட்கும் சாமியின் காலில் கவுச்சி அடிக்காமல் மல்லிகையா மணக்கும் என்று அதையும் ஊர் ஏற்றுக்கொண்டது.

இவை எல்லாவற்றிலும் மிகவும் மகிழ்ந்தவள் தங்கபுஷ்பம். பிள்ளைகளை வேலைக்குச் சேர்த்துவிட்டவள் அவள்தான். அடுத்த ஊர்க்காரி, எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து கட்டிப்பிடித்து அழுபவள், எந்தப் பெண் சடங்கானாலும் தாம்பாளத்தோடு நிற்பவள். வடக்கே மலையைத் தாண்டிப் பெரிய பட்டணத்தில் கம்பெனி. காலையில் வேன் புறப்பட்டால் மறுநாள் விடியத்தான் போய்ச் சேரும். தங்க இடம், மூன்று வேளைச் சோறு. கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் கையில் வரும். "நான் கூட்டிட்டுப் போற வேலைக்கு ஒங்க சாமியே சம்மதம் சொல்லிட்டாரு பாத்தீகளா?" என்று பனையின் கீழ் நின்று அவள் சொன்னபோது, ஆமாம் என்று தலையாட்டாதவர் இல்லை.

தலையாட்டியவர்களில் வெள்ளத்தாயும் ஒருத்தி. புருஷன் பாம்பு கடித்துச் செத்தபின் கருவேல விறகை எரித்துக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவள் அவள். மூத்தவள் பொன்னுருவியைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, இளையவள் செல்லக்கிளியோடு இருந்தாள். அவளுடைய துயரம் என்னவென்றால், எல்லா வீட்டுச் செருப்பும் வந்துவிட்டது, பொன்னுருவியின் செருப்பு மட்டும் வரவில்லை.

"நேர்ச்சை ஏதும் பாக்கி வச்சிருக்கியா மதினி?" என்று ராக்கம்மாள் குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். "சாமி சும்மா ஒரு வீட்டை ஒதுக்காதே."

வெள்ளத்தாய் வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள். செருப்பு வரும் பாதையில் முள் இல்லாமல் பெருக்கி வைத்தாள். ஆனால் அவளுடைய நெஞ்சின் அடியில், அவளே தொட அஞ்சிய ஓரிடத்தில், ஒரு நெருடல் இருந்தது. வாரந்தோறும் தங்கபுஷ்பம் தன் போனிலேயே பிள்ளைகளைக் கூப்பிட்டு, சத்தமாக வைத்து, தாய்மார் நடுவில் பிடித்துக்கொண்டு நிற்பாள். "நல்லா இருக்கேம்மா. சாப்பிட்டேம்மா. லீவு கெடையாதும்மா," என்று பொன்னுருவி சொல்லுவாள். மாரிக்கொழுந்தும் முன்பெல்லாம் அதையேதான், அந்த வரிசையிலேயேதான் சொன்னாள். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து, அவளுக்கு ஷிப்டு மாறிவிட்டது என்று அவளுடைய குரலே வருவதில்லை. "என்னட்டி சாப்பிட்டே?" என்று ஒருமுறை வெள்ளத்தாய் குறுக்கே கேட்டாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

"சிக்னல் இல்லக்கா," என்றாள் தங்கபுஷ்பம்.

தீபாவளிக்குப் பிள்ளைகள் வரவில்லை. அவர்களுக்குப் பதிலாக ஆளுக்கொரு பிஸ்கட் டப்பா வந்தது. அதே டப்பா ஊர்க் கடையிலும் தொங்கியதை வெள்ளத்தாய் பார்த்தாள். பார்த்துவிட்டு, தை மாதம் செல்லக்கிளியையும் அனுப்புவதாக ஒப்புக்கொண்டாள். அக்காளும் தங்கையும் ஓரிடத்தில் இருந்தால் ஒருத்திக்கு ஒருத்தி ஆதரவு என்று தன் மனத்துக்குச் சொல்லிக்கொண்டாள்.

செல்லக்கிளி புறப்பட வேண்டிய காலையில், வேன் இன்னும் வராத நேரத்தில், பொன்னுருவியின் செருப்பு வந்தது.

மஞ்சள் வார். பெருக்கி வைத்த பாதையில் அது மிகவும் மெதுவாக வந்தது. வலது செருப்பு நொண்டியது. மேளக்காரரை எழுப்பவும் பூசாரிக்கு ஆள் அனுப்பவும் வேண்டிய நேரம் அது. வெள்ளத்தாயோ எதையும் செய்யவில்லை. அவள் கண்ணுக்கு அது சாமியின் செருப்பாகத் தெரியவில்லை. வெயிலில் நடந்து களைத்து வந்த பிள்ளையாகத் தெரிந்தது. சாமி குற்றம் பார்த்தால் பார்க்கட்டும் என்று அதை இரண்டு கையாலும் அள்ளி, எந்தக் காலத்திலும் எந்தச் செருப்பும் நுழையாத வீட்டுக்குள்ளே கொண்டுபோய், அடுப்படியில் வைத்து, செம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றி, புரட்டிப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

அடியில் உப்புப் பூத்திருந்தது. கரிசல் மண்ணைக் கரைத்த தண்ணீருக்குப் பின்னே வெள்ளைத் தண்ணீர் வந்தது. அதற்கும் பின்னே, வாரின் இடுக்கிலிருந்து, சிவந்து மெலிந்த இறால் மீசைகளும் நகம்போன்ற ஓடுகளும் உதிர்ந்து விழுந்தன. வலது செருப்பு நொண்டியதற்குக் காரணம், அடியில் ஏறியிருந்த இறால் தலையின் முள். வெள்ளத்தாய் அதைப் பிடுங்கி எறிந்தாள். பிடுங்கிய கணமே இரண்டு செருப்பும் ஈரம் சொட்ட எழுந்து, கிழக்கே திரும்பி, சுவரை முட்டிக்கொண்டு நின்றன.

அவள் அவற்றில் தன் காலை நுழைத்தாள். கைப்பிள்ளை சேலையைப் பிடித்து இழுப்பதுபோல அவை அவளை இழுத்தன. நிலைகொள்ளாமல் தவிப்பது சாமி இல்லை என்பதும், இந்தச் செருப்புகள் ஊரில் இருக்க வரவில்லை, கூப்பிட வந்தவை என்பதும், கூப்பிட வந்தவற்றை எல்லாம் ஊர் கூடி மேளம் கொட்டிக் கயிற்றில் கட்டிப் போட்டிருக்கிறது என்பதும் அவளுக்கு அப்போது விளங்கின. 

வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது செல்லக்கிளி பையோடு படியில் கால் வைத்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய ஆதார் அட்டைகளைத் தங்கபுஷ்பம் வாங்கித் தன் கைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"தங்கபுஷ்பம், பிஸ்கட்டுல என்னென்ன போடுவாக?"

"காலங்காத்தால என்னக்கா கேள்வி? மைதா, சீனி, டால்டா…"

"இறால் போடுவாகளா?"

வெள்ளத்தாய், இறால் மீசையும் ஓடும் ஒட்டியிருந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தங்கபுஷ்பத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது; கண் மட்டும் டிரைவரிடம் போய்விட்டு வந்தது.

"வர்ற வழியில எங்கயாச்சும் மீன் மார்க்கெட்டை மிதிச்சிருக்கும்க்கா. சாமி எங்க போகும், எங்க வரும்னு நமக்குத் தெரியுமா?"

"சரி. கம்பெனி பேரைச் சொல்லு."

"பேரா?"

"எம் மக வேலை பாக்குற கம்பெனிக்கு ஒரு பேரு இருக்கும்ல. சொல்லு. நானே போயிப் பாத்துக்கிடுதேன்."

வழியனுப்ப வந்திருந்த கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கம்பெனியின் பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்பது அந்த நிமிஷத்தில்தான் ஊருக்குத் தெரிந்தது. பட்டணத்தின் பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை. கட்டிப்பிடித்து அழுதவளிடம் அதையெல்லாம் கேட்பது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டார்கள்.

"எல்லாப் பிள்ளைகளும் நல்லாத்தான இருக்கு மதினி, இவ ஒருத்தி…" என்று தொடங்கிய ராக்கம்மாள், சொல்லி முடிக்காமல் பனையைத் திரும்பிப் பார்த்தாள். கட்டப்பட்ட செருப்புகள் காற்றே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. எல்லாம் கிழக்குப் பக்கமே ஆடின.

வெள்ளத்தாய் செல்லக்கிளியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள். உள்ளே இருந்த பிள்ளைகளும் இறங்கினார்கள். தங்கபுஷ்பம் கைப்பையோடு உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள்; வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தது. அது வடக்கே போகவில்லை. கிழக்கே போயிற்று. ஜன்னல் கண்ணாடிக்குள்ளே அவள் காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டிருந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

"பிள்ளைகளை எடம் மாத்தப் போறா!" என்று வெள்ளத்தாய் கத்தினாள்.

 பூசாரி மாடக்கண்ணு கோயிலுக்குள் போய், சாமியின் கையிலிருந்த ஆளுயர அரிவாளைப் பிடுங்கி எடுத்து வந்து, பனையில் சுற்றியிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். அறுக்க அறுக்கச் செருப்புகள் பழுத்த பழம்போல் பொத்தென்று விழுந்து, எழுந்து, உதறிக்கொண்டு, வண்டிப்பாதையில் ஓடின. பின்னால் தாய்மார் ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால், அடுப்பை அணைக்காமலும் மாட்டை அவிழ்க்காமலும், ஊரே ஓடிற்று.

கருவேலங்காட்டின் ஊடே போனார்கள். ஆறு என்று பெயர் மட்டும் மிஞ்சிய மணல் வெளியைக் கடந்தார்கள். செருப்புகள் முன்னே போய், பின்தங்கியவர்களுக்காக நின்று, மறுபடியும் போயின. கடந்து போன ஊர்களில் "என்ன ஊர்வலம்?" என்று கேட்டவர்கள் செருப்பைப் பார்த்துத் தாங்களே புரிந்துகொண்டு கூட வந்தார்கள், தங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை அப்படிப் போயிருந்தவர்கள் அழுதுகொண்டே வந்தார்கள். உச்சி தாண்டியபோது மண் வெளுத்தது. உப்பளங்கள் வந்தன. அதற்கு அப்பால், ஆவாரஞ்செவல்காரர் பலர் ஆயுளில் பார்த்திராத கடல் கிடந்தது. மலை தாண்டிய பட்டணத்துக்கு என்று பகலும் ராத்திரியுமாக ஓடிய வேன், சுற்றிச் சுற்றி ஓடி, ஒரு பகல் நடைதூரத்தில்தான் பிள்ளைகளை இறக்கியிருக்கிறது.

கடற்கரைச் சாலையில் செருப்புகள் பேருந்துகளை மறித்துவிட்டன என்று யாரோ காவல் நிலையத்துக்குச் சொல்ல, நெரிசலைச் சரிசெய்வதற்கென்று ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினாள். அவள் இறங்கிய இடத்தில் ஜன்னலே இல்லாத நீளக் கட்டடம் ஒன்று, உயரமான மதில், பூட்டிய இரும்புக் கதவு. செருப்புகள் அங்கேதான் வந்து நின்றன.

"இது ஐஸ் கம்பெனிங்க மேடம்," என்றான் காவலாளி. "உள்ள மிஷினு மட்டுந்தான். பொம்பளைப் பிள்ளைக யாரும் கெடையாது."

சப்-இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எதை வச்சும்மா இங்க இருக்காங்கன்னு சொல்றீங்க? பேரு, ரசீது, போட்டோ, ஏதாவது இருக்கா?"

ஒன்றும் இல்லை. ஓடி வந்த அத்தனை பேரிடமும் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மதிலுக்கு உள்ளே, கட்டடத்தின் பின்புறத்தில், ஒரு வண்டி கிளம்பி உறுமுவது கேட்டது. வெள்ளத்தாய் மஞ்சள் செருப்பிலிருந்து காலை எடுத்தாள். அது நகர்ந்து போய் இரும்புக் கதவின் முன்னே, ஓரமாக, இரண்டும் ஒட்டினாற்போல் நின்றது. அதன் பக்கத்தில் சிவப்பு வார் போய் நின்றது. பூப்போட்டது போய் நின்றது. கல்யாண வீட்டு வாசலில் கழற்றி விட்டதுபோல, ஜோடி ஜோடியாக, வரிசையாக, எல்லாம் போய் நின்றன. மாரிக்கொழுந்தின் நீலச் செருப்பு மட்டும் சாலையோரத்தில் தயங்கி நின்றது. ராக்கம்மாள் அதைத் தூக்கி வரிசையில் வைத்தாள். அது மறுபடியும் விலகிச் சாலைக்கே வந்தது.

"வாசல்ல இத்தனை செருப்பு கெடக்கே தாயி," என்றாள் வெள்ளத்தாய். "ஆளு உள்ளதான இருக்கும்?"

சப்-இன்ஸ்பெக்டர் அந்த வரிசையைப் பார்த்தாள். அவளும் ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தானே. லத்தியால் இரும்புக் கதவில் ஓங்கி அடித்தாள்.

"பூட்டைத் தெறடா!"

பின்கட்டில் தங்கபுஷ்பத்தின் வேன் கதவு திறந்து நின்றது. இருட்டிய பின் பிள்ளைகளைக் கடத்தலாம் என்று காத்திருந்தவர்கள், வாசலில் கூட்டம் சேர்ந்ததும் அவசரப்பட்டிருந்தார்கள். பிள்ளைகளைப் பாதி ஏற்றியாகிவிட்டது, மீதியை இரண்டு ஆட்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் தண்ணீரிலேயே நின்று இறால் உரித்து அவர்களுடைய காலும் கையும் வெளுத்து, ஊறி, தோல் உரிந்திருந்தன. ஓடிப் போகாதிருக்க வந்த அன்றே செருப்புகளைப் பிடுங்கிக் கிட்டங்கி அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்களாம். அவை எப்படி வெளியேறின என்று பிள்ளைகளுக்கும் தெரியவில்லை.

பொன்னுருவி தாயைப் பார்த்ததும் அழவில்லை. முதலில் சுற்றிலும் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள். "பசிக்கும்மா," என்றாள். வெள்ளத்தாய் மண்டியிட்டு மஞ்சள் செருப்பை அவள் காலில் போட்டுப் பார்த்தாள். கால் வீங்கியிருந்தது, செருப்பில் நுழையவில்லை.

"எம் மக எங்கட்டி?" என்று ராக்கம்மாள் ஒவ்வொரு முகமாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாரிக்கொழுந்து எங்க?"

பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். பொன்னுருவிதான் சொன்னாள். "அவ எதுத்துப் பேசுவா அத்தை. தீபாவளிக்கு முந்தியே வேற எடத்துக்குக் கொண்டு போயிட்டாக. எங்கன்னு சொல்லல."

ராக்கம்மாள் தங்கபுஷ்பத்தின் மீது பாய்ந்து அவள் தலைமயிரைப் பற்றினாள். "சொல்லுட்டி!" என்றாள். தங்கபுஷ்பத்துக்கும் தெரியவில்லை, கைமாற்றி விட்டதோடு அவள் கணக்கு முடிந்திருந்தது. ராக்கம்மாளின் கை தானாகத் தளர்ந்தது. சாலையோரத்தில் நீலச் செருப்பு வடக்கே திரும்பி நின்றது.

வெள்ளத்தாய் பொன்னுருவியைத் தங்கையின் தோளில் சாய்த்தாள். "அக்காளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அவ கையை விட்டுராத," என்று செல்லக்கிளியிடம் சொன்னாள். பொன்னுருவி முந்தானையைப் பிடித்தாள். அந்தப் பிடியைத் தளர்த்த வெள்ளத்தாய்க்கு வெகுநேரம் ஆயிற்று. தளர்த்திவிட்டு, சாலைக்கு வந்து, தனியே நடக்கத் தொடங்கியிருந்த ராக்கம்மாளைக் கூப்பிட்டாள்.

"மதினி, நில்லு. நானும் வாறேன்."

இரண்டு பேரும் தன்னை எட்டும் வரையில் நீலச் செருப்பு நின்றது. எட்டியதும், அறுந்த வாரை இழுத்துக்கொண்டு, கடலை வலப்பக்கம் விட்டு, புறப்பட்டது. சப்-இன்ஸ்பெக்டர் தங்கபுஷ்பத்தைக் கூட வந்த காவலர்களிடம் ஒப்படைத்தாள். பிறகு ஜீப்பில் ஏறி, டிரைவரிடம், வழக்கமான ரோந்துக்குப் போகச் சொல்லும் குரலில் சொன்னாள்:

"அந்தச் செருப்புக்குப் பின்னாலயே மெதுவா விடுங்க அண்ணே. ஹாரன் அடிக்காதீங்க."